புகைபோக்கியைத் தொடாத வீடு

அத்தானை மண்ணில் வைத்து முழுதாக ஒரு வாரம் ஆகவில்லை. சாவுக்கு வந்தவர்களுக்கென்று காய்ச்சிய பீர் பீப்பாயின் அடியில் இன்னும் மிச்சம் இருந்தது. அதற்குள் மாளிகைக் காரியஸ்தர் நிக்கோலஸ் ஃபென் எங்கள் வாசலில் வந்து நின்றார். குதிரையிலிருந்து இறங்கக்கூட இல்லை, மனுஷன்.

"தாமசின், அறுப்பு முடிஞ்சு வர்ற மிக்கேல் திருநாளுக்குள்ள காலி பண்ணிடணும்" என்றார்.

என் அக்கா தாமசின் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே, "நிலத்தைத்தானே? பண்ணிடறோம் ஐயா" என்றாள்.

"நிலத்தை மட்டும் இல்ல. வீட்டையும்தான்."

"வீடு எங்களோடது."

"அதை ஊர்ச்சபையில வந்து சொல்லு" என்று குதிரையைத் திருப்பினார். அது போகிற போக்கில் எங்கள் முட்டைக்கோஸ் பாத்தியை மிதித்துவிட்டுப் போனது.

நிலம் போகும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் ஊர் மெல்ஹாமில் நிலம் எல்லாம் மாளிகைக்குச் சொந்தம். எட்மண்ட் அத்தானின் தாத்தா காலத்தில் மூன்று உயிருக்கென்று எழுதிக் கொடுத்த குத்தகை அது. தாத்தா போனார், அப்பா போனார், மூன்றாவது உயிரான அத்தானும் நாள்பட்ட காய்ச்சலில் போய்விட்டார். அக்காவுக்குப் பிள்ளைகுட்டி இல்லை. இருந்திருந்தாலும் நிலம் தங்கியிருக்காது.

ஆனால் வீடு வேறு கதை. குடியானவன் தன் மரத்தைப் போட்டுக் கல்வரிசையின் மேல் நிறுத்திய வீடு அவனுடையது. குத்தகை முடிந்தால் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். மண்ணுக்குள் இறங்கிய கிணறு, அகழி, வேலி மரங்கள் எல்லாம் பிரபுவுக்கு. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கழற்றுவது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை. ஓக் தூணும் உத்தரமும் கைமரமும் முனை செதுக்கிய கழுந்தும் அது நுழையும் துளையுமாகப் பொருந்தி, மர ஆணி அடித்து நிற்பவை. ஆணியைத் தட்டி எடுத்துவிட்டால் கட்டிலைப் பிரிப்பது போலப் பிரித்துவிடலாம். எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று தச்சர் உளியால் கீறிய கோடுகள் மூலைக்கு மூலை இருக்கின்றன. சுவர் என்று பார்த்தால் வெறும் தட்டியும் களிமண்ணும் சாணியும்தான். வீட்டைத் தாங்குவதில் அதற்குப் பங்கே கிடையாது.

எங்களுக்குப் போக இடமும் இருந்தது. மேய்ச்சல் வெளிக்கு அந்தப் பக்கம் எங்கள் அப்பா எங்கள் இருவர் பேரில் விட்டுப்போன ஒரு துண்டு நிலம். காஞ்சொறியைத் தவிர அதில் எதுவும் முளைத்ததில்லை. ஆனாலும் அது எங்களுடையது. அங்கே வீட்டைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் தலைக்கு மேல் கூரை உண்டு. வீடு போய்விட்டால் ஐம்பதை நெருங்கும் இரண்டு பெண்பிள்ளைகள் யாராவது ஒருத்தர் சமையற்கட்டில் சட்டி கழுவிக்கொண்டு, சாம்பலோரம் படுத்துக் காலம் தள்ள வேண்டியதுதான்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன புகைபோக்கியால் வந்தது.

அக்கா கல்யாணமாகி வந்தபோது, பிறகு நான் அவளோடு வந்து ஒட்டிக்கொண்டபோது, இந்த வீட்டில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவில் தரையில் அடுப்பு. தலைக்கு மேல் கூரை முகடுவரை வெட்டவெளி. புகை தன் இஷ்டத்துக்குச் சுற்றிவிட்டு, மனசு வந்தால் வெளியே போகும். ஒரு மழைநாளில் வேட்டைக்கு வந்த பெரிய பிரபு, இப்போதைய பிரபு சர் மைல்ஸின் அப்பா, எங்கள் கூடத்தில் ஒதுங்கினார். இருமி இருமிக் கண் பிதுங்கிப்போய், "பாவம், இதுக்குள்ளயா இருக்கீங்க!" என்றார். அடுத்த கோடையில் செங்கல் வண்டியும் கொத்தனும் வந்து இறங்கினார்கள். இனாம். கூடத்தின் நடுவில் கோட்டைக் கொத்தளம் மாதிரி ஒரு புகைபோக்கி எழும்பியது.

அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. புகை போய்விட்டது, இனிமேல் கூடத்துக்கு மேலே வெட்டவெளி எதற்கு என்று, பழைய மடத்தின் களஞ்சியத்தை இடித்த இடத்தில் ஒரு பெரிய உத்தரம் வாங்கிவந்து, தச்சர் ஆம்புரோஸை வைத்து மாடி போட்டுவிட்டார். ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. அந்த மாடி அறையை எனக்குக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மேய்ச்சல் வெளி முழுக்கத் தெரியும். என் வாழ்நாளில் எனக்கென்று கதவு சாத்திக்கொள்ள ஓர் இடம் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சபை மாளிகையின் களஞ்சியத்தில் கூடியது. ஊரார் பன்னிரண்டு பேர் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் கிரெகரி பாஸ்க், மாவு மில்காரர். சர் மைல்ஸ் வரவில்லை. அவர் லண்டனில் இருந்தார். நிலத்தையெல்லாம் ஆட்டு மந்தைக்கு விடப்போகிறாராம், மந்தையைப் பார்க்க வருகிற ஆளுக்குப் புகைபோக்கி வைத்த நல்ல வீடு வேண்டுமாம்.

காரியஸ்தர் எழுந்தார். "புகைபோக்கி எஜமானோட செங்கல். மண்ணுக்குள்ள இறங்கினது. வீடு அதுல சாஞ்சு நிக்குது. எதுல சாஞ்சிருக்கோ அதோட சேர்ந்ததுதான் வீடு. ஆக, வீடும் எஜமானோடது."

"எங்க சாஞ்சிருக்கு?" என்றாள் அக்கா. "புகைபோக்கி வர்றதுக்கு முன்னாடி மூணு தலைமுறை அந்த வீடு என்ன, அந்தரத்துலயா நின்னுச்சு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. "வந்து பாருங்க. என் வீட்டு மரம் ஒண்ணே ஒண்ணு அந்தச் செங்கல் மேல உட்கார்ந்திருந்தாக்கூட, வீட்டை நீங்களே வெச்சுக்கங்க!"

நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன். பயனில்லை. கிரெகரி பாஸ்க் உடனே பிடித்துக்கொண்டார். "சபையில சொன்ன வார்த்தை. போய்ப் பார்ப்போம்" என்றார்.

பன்னிரண்டு பேரும் காரியஸ்தரும் மேய்ச்சல் வெளியைக் கடந்து வீட்டுக்கு வந்தார்கள். காரியஸ்தர் தன் குதிரைச் சவுக்கின் பிரம்பைச் செங்கலுக்கும் மரத்துக்கும் நடுவே நுழைத்துப் பார்த்தார். தூணுக்குப் பக்கத்தில் போனது. கூரையின் குறுக்கு உத்தரத்துக்குக் கீழே போனது. கூரைக்குள் ஏணி வைத்து ஏறிக் கைமரங்களுக்கு நடுவே விட்டார். அங்கேயும் தாராளமாகப் போனது. இறங்கி வந்தபோது பழைய அடுப்புக்கரி அவர் வெள்ளைக் கழுத்துப்பட்டையில் அப்பியிருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு களை.

பிறகு அவர் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். மாடியைத் தாங்கும் அந்த மடத்து உத்தரத்தின் ஒரு முனை வெளிப்பக்கத் தூணில் கழுந்தாக இறங்கியிருந்தது. மறுமுனை புகைபோக்கிப் பக்கம். அங்கே சுண்ணாம்பு தடித்து அடை மாதிரி அப்பியிருந்தது. காரியஸ்தர் முக்காலியில் ஏறிக் கத்தியால் சுரண்டினார். சுண்ணாம்பு பொலபொலவென்று உதிர்ந்தது. உத்தரம் செங்கலுக்குள் நுழைந்து, உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

ஊரார் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஆம்புரோஸ்" என்றாள் அக்கா மெதுவாக. ஆம்புரோஸும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை நீதானே போட்டே?"

"நீங்க ரெண்டு பேரும் அறுப்புக்குப் போயிருந்தீங்க. அந்தப் பக்கம் ஒரு தூண் போட ஓக் பத்தல. எட்மண்ட்தான், புகைபோக்கிதான் கல்லு மாதிரி நிக்குதே, அதுலயே சொருகிடுன்னான். நான் வேணாம்னுதான் சொன்னேன்..."

என் அத்தான் தங்கமான மனுஷர். ஆனால் அந்த நிமிஷம் அவர் உயிரோடு எதிரே நின்றிருந்தால் கரண்டியாலேயே நான்கு போட்டிருப்பேன்.

காரியஸ்தர் முக்காலியிலிருந்து இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார். "முடிஞ்சுதா?"

கிரெகரி பாஸ்க் தொண்டையைக் கனைத்தார். அவருக்கு எங்கள் மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய மில் ஓடுகிற தண்ணீர் மாளிகையின் தண்ணீர். "சபை சாப்பிட்டுட்டு வந்து தீர்ப்புச் சொல்லும்" என்றார். அன்றைக்கு மாளிகையில் ஆட்டுத்தொடை வறுவல் என்று எல்லாருக்கும் தெரியும்.

"அப்போ தீர்ப்பு இன்னும் சொல்லலை?" என்றாள் அக்கா.

"சாப்பிட்டுட்டு வந்துதான்."

"எங்க வந்து சொல்வீங்க?"

"இங்கதான். வீட்டைப் பார்த்துச் சொல்றதுதானே முறை."

"அப்படின்னா நீங்க திரும்பி வந்து பார்க்கும்போது வீடு எப்படி இருக்கோ, அதுக்குத்தான் தீர்ப்பு. இல்லையா?"

கிரெகரி அவளைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார். அவர் மீசை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "கண்ணால பார்க்கிறதுக்குத்தான்மா தீர்ப்பு. காலையில பார்த்ததுக்கு இல்ல" என்றார். காரியஸ்தர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், "வாங்க ஐயா, கறி ஆறிடும்" என்று தோளில் கை போட்டுத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.

ஆம்புரோஸ் மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

"உன் ரம்பத்தைக் குடு" என்றாள் அக்கா.

"தாமசின், பைத்தியம் பிடிச்சுதா உனக்கு?"

"செங்கல் அவரோடது. உத்தரம் என் புருஷன் வாங்கினது. என் மரத்தை நான் அறுக்கிறேன். உள்ள இருக்கிற துண்டை எஜமானே வெச்சுக்கட்டும்."

"அதைச் சொல்லலைம்மா. இத்தனை வருஷமா வீடு இந்தப் பக்கமா அழுத்தி அழுத்திப் பழகியிருக்கு. மாடியோட பாரம் எங்கெங்க போகுதுன்னு எனக்கே தெரியாது. அறுத்தா, மாடி மட்டும் போகலாம். மொத்தமா உட்கார்ந்தாலும் உட்காரும். நீங்க அதுக்குக் கீழ நிப்பீங்க."

"ரம்பம் குடுப்பியா, மாட்டியா?"

ஆம்புரோஸ் தலையைச் சொறிந்தார். "என் மகனுக்கு மாளிகையிலதான் வேலை. நான் குடுக்க மாட்டேன். என் வண்டியில கிடக்கு, கொட்டாப்புளி மரச்சுத்தியலும் கிடக்கு. நான் சாப்பிடப் போறேன். வண்டியை நான் பூட்டி வைக்கிறதில்ல." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அது இரண்டு பேர் இழுக்கிற ரம்பம்.

"அது என் அறை" என்றேன். வெட்கமில்லாமல் முதலில் அதுதான் வாயில் வந்தது.

"தெரியும்டி, பார்னெல்."

"வீடே விழுந்துட்டா?"

"விழுந்தா விழட்டும். அவனோட ஆட்டுக்காரன் வந்து என் அடுப்புல குளிர் காயறதைப் பார்க்கறதுக்கு, அது விழறதைப் பார்த்துட்டுப் போறேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள்மேலா, காரியஸ்தர்மேலா, செத்துப்போன அத்தான்மேலா என்று தெரியவில்லை. தடதடவென்று மாடிக்கு ஏறி, என் மெத்தையைச் சுருட்டி ஜன்னல் வழியாக வெளியே எறிந்தேன். அதுதான் என் பதில்.

மேய்ச்சல் வெளியில் மெத்தை வந்து விழுந்ததைப் பார்த்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் எவளும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. ஆண்கள் எல்லாம் மாளிகையில் கறி தின்றுகொண்டிருந்தார்கள், அதனால் தடுப்பதற்கும் ஆளில்லை. மாடியில் காய வைத்திருந்த வெங்காயம், ஆப்பிள், பாலாடைக்கட்டி எல்லாம் கைமாறி வெளியே போயின. பலகைகளை நெம்பி எடுத்தோம். அவற்றுக்குக் கீழே குறுக்குச் சட்டங்கள் உத்தரத்தின் பள்ளங்களில் மேலிருந்து உட்கார வைத்தவைதான். ஒவ்வொன்றாகத் தூக்கினால் வந்துவிட்டன. என் அறை இருந்த இடத்தில் அந்த ஒற்றை உத்தரம் மட்டும் மிஞ்சியது. அதற்கு மேலே, நான் வந்த புதிதில் பார்த்த அதே கரிபிடித்த கைமரங்கள் தெரிந்தன. உத்தரத்தின் செங்கல் பக்கத்து முனைக்குக் கீழே, வைக்கோல் கொட்டகைத் தூண் ஒன்றைக் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தோம்.

இரண்டு பக்கமும் ஏணி. ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான்.

"இழு" என்றாள்.

மடத்து ஓக். எத்தனை தலைமுறை காய்ந்த மரமோ, ரம்பம் வழுக்கியது. பல் பிடிப்பதற்குள் என் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

"தள்ளாதடி! நான் இழுக்கும்போது நீ சும்மா விடு!"

"நீ ஒழுங்கா இழுத்தா நான் ஏன் தள்றேன்? அத்தான் உயிரோட இருந்தப்ப ஒரு விறகு பிளந்திருக்கியா நீ?"

"வாயை மூடிட்டு இழு!"

"சபையில வாயை மூடிட்டு இருந்திருந்தா இந்தக் கதியே வந்திருக்காது!"

கீழே நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. மரத்தூள் கண்ணிலும் வாயிலும் கொட்டியது. பாதிக்கு மேல் போனதும் உத்தரம் ஒரு முறை 'டக்' என்றது. சுவரில் களிமண் ஒரு பிடி உதிர்ந்தது. சிரிப்பு நின்றுவிட்டது. பெண்கள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தார்கள். எனக்கும் இறங்கி ஓட வேண்டும்போல் இருந்தது. எதிரே அக்காவின் முகத்தைப் பார்த்தேன். வேர்வையும் தூளுமாக, பல்லைக் கடித்துக்கொண்டு, மாசக்கணக்கில் அத்தானுக்குப் பணிவிடை செய்து தேய்ந்துபோன முகம். ரம்பத்தை விடவில்லை நான்.

சத்தம் மாளிகைவரை கேட்டிருக்க வேண்டும், இல்லை யாரோ கோள் சொல்லியிருக்க வேண்டும். காரியஸ்தர் வாயைத் துடைக்காமலே ஓடிவந்தார். பின்னால் பன்னிரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் ஊர்.

"நிறுத்து! நிறுத்துங்கறேன்!" வாசல்படிக்கு வெளியே நின்றுதான் கத்தினார்.

"உள்ள வாங்க ஐயா, ஏன் வெளியவே நிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"வீடு இடிஞ்சு விழப்போகுது!"

"எஜமானோட புகைபோக்கி தாங்கிக்கிட்டிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? பயப்படாம வாங்க."

ஊர் ஓவென்று சிரித்தது. காரியஸ்தர் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை. ரம்பம் கடைசி நாரை அறுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சாண் கட்டை மட்டும் செங்கலுக்குள் தங்கிவிட்டது. உத்தரம் முட்டுக்கட்டைமேல் நின்றது.

கிரெகரி பாஸ்க் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தார். "தாமசின், முட்டு இருக்கேம்மா. முட்டுக் குடுத்தா எதுதான் நிக்காது? அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது."

"தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அக்கா கொட்டாப்புளியை எடுத்தாள். என்னைப் பார்த்து, "நீ வெளிய போ" என்றாள்.

"மாட்டேன்."

"பார்னெல், சொன்னாக் கேளு."

"நான் எங்க போக? எனக்கும் இருக்கிறது இந்த ஒரு வீடுதான். அடி."

அவள் முட்டுக்கட்டையின் அடியில் ஓங்கி அடித்தாள். அசையவில்லை. இரண்டாம் அடிக்கு ஒரு பக்கம் நகர்ந்தது. மூன்றாவதில் பறந்து போய் எங்கோ விழுந்தது. உத்தரம் கீழே இறங்கித் தரையில் விழுந்தது. மறுமுனையில் கழுந்து முறிந்த சத்தம் இடி மாதிரி கேட்டது. தரை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் வீடு சத்தம் போட ஆரம்பித்தது. ஒரு மூலையில் தொடங்கி, தூண் தூணாக, உத்தரம் உத்தரமாக, கூரைவரை ஒரு முனகல் ஏறிப்போனது. கூரையிலிருந்து வைக்கோலும் புழுதியும் கரியும் கொட்டின. வடக்குச் சுவரில் ஒரு தட்டி அப்படியே பெயர்ந்து வெளியே விழ, அந்த ஓட்டை வழியாக ஊரே எங்களைப் பார்த்தது. நான் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். சேசுவே, சேசுவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முனகல் நின்றது. நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். வீடும் நின்றுகொண்டிருந்தது.

அக்கா புழுதியோடு வாசலுக்குப் போய், காரியஸ்தர் கையிலிருந்த சவுக்கை வெடுக்கென்று பிடுங்கினாள். உத்தரம் இருந்த இடத்தில், செங்கலுக்கு முன்னால் இருந்த வெறும் காற்றில் அதை மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினாள். புகைபோக்கியை ஒரு சுற்றுச் சுற்றி, எல்லா இடத்திலும் அதை நுழைத்து எடுத்தாள். பிறகு கொண்டுவந்து காரியஸ்தர் கையிலேயே திரும்பக் கொடுத்தாள்.

"எஜமானோட புகைபோக்கியை அப்படியே விட்டுட்டுப் போறோம் ஐயா. ஒரு கீறல்கூட இல்ல. பார்த்துக்கங்க."

கிரெகரி பாஸ்க் பலகைக்காரர்களைத் திரும்பிப் பார்த்தார். ஆம்புரோஸ்தான் முதலில் தலையாட்டினார். கிரெகரி உரக்கச் சொன்னார்: "வீடு எதுலயும் சாஞ்சு நிக்கல. எங்க கண்ணால பார்த்தோம். அது தாமசினோடது."

அக்கா அதுவரை அழவில்லை. அத்தானைப் புதைத்த அன்றும் அழவில்லை. அப்போது அழுதாள், மூக்கைச் சிந்தி ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ஊர் முன்னால், சத்தமாக.

அறுவடை முடிந்ததும் வீட்டைப் பிரித்தோம். ஆம்புரோஸ் இந்தத் தடவை வெளிப்படையாகவே வந்தார். மர ஆணிகளைத் தட்டி எடுத்து, கூரையிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக இறக்கி, மேய்ச்சல் வெளி வழியாக இழுத்துக்கொண்டு போனோம். காஞ்சொறியைப் பிடுங்கி, கல் பரப்பி, மறுபடி நிறுத்தினோம். ஊர்ப் பெண்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களிமண்ணும் சாணியும் மிதித்தார்கள். மாடி போடவில்லை, அதற்கு முழு உத்தரம் ஏது? கூடத்தின் நடுவில் தரையில் அடுப்பு, மேலே கரிபிடித்த கைமரங்கள், அதற்கு மேலே புகை. இந்தக் காலத்தில் யாரும் இப்படி வாழ்வதில்லை என்று போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்றாள் அக்கா.

அவளுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் நெஞ்சு தாங்கவில்லை. முதல் பனி விழுந்ததுமே இருமல் பிடித்துக்கொண்டது. குனிந்து ஒரு வாளி தூக்கினால் மூச்சு வாங்கியது. நான் புலம்பாத நாளில்லை. புகையைத் திட்டுவேன், அடுப்பைத் திட்டுவேன், அக்காவைத் திட்டுவேன். அவள் தன்பாட்டுக்கு என் பாயை இழுத்துக் கதவோரமாகப் போடுவாள், ஈர விறகை எனக்குத் தெரியாமல் வெளியே கொண்டுபோய் வைப்பாள். இருமும்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்ப்பாள்.

அந்தப் பக்கம் பழைய இடத்தில் புகைபோக்கி தனியாக நின்றது. சுற்றிலும் ஒன்றுமில்லை. வயலுக்கு நடுவில் ஒரு செங்கல் கம்பம், அதன் வயிற்றில் எரியாத அடுப்பு, ஒரு சாண் ஓக் கட்டை. ஆடுகள் அதில் முதுகு சொறிந்துகொண்டன. பாதையில் போகிற வெளியூர்க்காரர்கள், "ஐயோ பாவம், யார் வீடு எரிஞ்சுது?" என்று கேட்பார்கள். மெல்ஹாம்காரர்கள் சும்மா இருப்பார்களா? விலாவாரியாகச் சொன்னார்கள். கதை இப்ஸ்விச் சந்தைவரை போய்விட்டது. லண்டனிலிருந்து திரும்பிய சர் மைல்ஸ் காதிலும், ஊர்ச் சிரிப்போடு சேர்ந்து, விழுந்தது.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். காரியஸ்தர் வந்தார், பின்னால் ஒரு வண்டி நிறைய செங்கல். இந்தத் தடவை குதிரையிலிருந்து இறங்கினார். தொப்பியைக்கூடக் கழற்றினார்.

"எஜமான் பெரிய மனசு பண்ணி அனுப்பியிருக்கார். இதை வெச்சுப் பாதி உயரமாவது கட்டுங்க, அந்தப் புகைபோக்கியையும் இடிச்சு மிச்சத்தைக் குடுத்துடறோம். கொத்தனும் நம்ம ஆளுதான். எல்லாம் இனாம்."

அந்த நேரம் பார்த்து எனக்கு இருமல் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, குடல் வாய்க்கு வரும்படி இருமினேன். நிமிர்ந்தபோது அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரம்பத்தின் அந்தப் பக்கத்தில் நான் பார்த்த முகம் இல்லை அது. தோற்றுப்போன முகம். அவள் காரியஸ்தர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

நான் அவளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.

"வண்டியைத் திருப்புங்க" என்றேன்.

"என்னம்மா?"

"காது கேக்கலையா? திருப்புங்க வண்டியை! ஒரு செங்கல் இந்த மண்ணுல இறங்கக் கூடாது. போன தடவை இனாம் குடுத்தீங்களே, அதுலேர்ந்து வீட்டை அறுத்தெடுக்க என் கை கொப்புளிச்சுது. அந்தப் புகைபோக்கியை எங்க பேரைச் சொல்லி இடிக்கக் கூடாது, சொல்லிட்டேன். இடிக்கணும்னா பகல்ல, ஊரைக் கூப்பிட்டு வெச்சு இடிங்க. எங்களுக்குப் புகைபோக்கி வேணும்னா கழியும் களிமண்ணும் வெச்சு நாங்களே பின்னிக்குவோம். கல்லு மேல நிக்கிற மாதிரி. நாளைக்கு எங்கயாவது போறோம்னாலும் தூக்கிட்டுப் போற மாதிரி!"

கத்தியதில் மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது. இருமிக்கொண்டே கையால் வண்டியைக் காட்டினேன், போ, போ என்று. காரியஸ்தர் தொப்பியை மாட்டிக்கொண்டார். வண்டி அந்தச் சேற்றில் திரும்புவதற்கு வெகுநேரம் பிடித்தது. அதுவரை நான் கதவை விட்டு நகரவில்லை.

அக்கா பக்கத்தில் வந்து நின்று என் முதுகைத் தடவினாள்.

"நான் சரின்னு சொல்ல இருந்தேண்டி" என்றாள்.

"தெரியும். அதான் முந்திக்கிட்டேன்."